புரட்டாசியும் ஆறு கட்டங்களும்

எங்கள் சமையலறைச் சுவரில், குளிர்பெட்டிக்கு மேலே, ஆண்டுதோறும் கோயிலில் தரும் தமிழ் நாள்காட்டி தொங்கும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள்களும் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அதில் சிவப்பு மையில் அச்சாகியிருக்கும். ஆண்டு முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவது வழக்கம் என்றாலும், 2024-ஆம் ஆண்டு நாள்காட்டியை மட்டும் நான் எறியாமல் சுருட்டி அலமாரிமேல் வைத்திருக்கிறேன். அது என் மகள் மெட்ரிக், அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, எழுதிய ஆண்டு. அச்சிட்ட சிவப்பின் மேல் அவளுடைய பச்சை மையும் என்னுடைய நீல மையும் ஏறி, சில வாரங்களில் தேதி எண்ணே தெரியாத அளவுக்கு நிறைந்துபோன நாள்காட்டி அது. பச்சை தேர்வுகளுக்கு, நீலம் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு. அந்த இரண்டு மைகளும் ஒரே நாளில் மோதிக்கொண்ட இடங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ பிள்ளையை மெட்ரிக் வகுப்பில் வைத்திருக்கும் சிலர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, தேர்வையும் விண்ணப்பத்தையும் ஒரே ஆண்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லி மாளவில்லை.

முதலில் என் அறியாமையைச் சொல்லிவிட வேண்டும். நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்து, 1999-இல் ப்ளஸ் டூ முடித்தவள். எங்கள் காலத்தில் 1200-க்கு எத்தனை மதிப்பெண் என்பது முதலில் வரும். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் அதனோடு சேர்த்துத் தரவரிசை போடுவார்கள். அதன் பிறகுதான் கலந்தாய்வுக்கு அழைப்பு வரும். அதாவது படிப்பு ஒரு காலம், இடம் தேடுவது வேறொரு காலம். திருமணமாகி டர்பனுக்கு வந்து, கணவர் வீட்டாரோடு இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதியில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், இந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, இறுதித் தேர்வு அக்டோபர், நவம்பரில், முடிவு ஜனவரியில், பல்கலைக்கழகமோ பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். இடையில் கலந்தாய்வு நடத்த நாள் ஏது? எனவே பிள்ளைகள் தேர்வு எழுதுவதற்கு முன்பே, படித்துக்கொண்டிருக்கும்போதே, விண்ணப்பித்துவிட வேண்டும். கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு ஜூலை 31. விட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு அதற்கும் முன்னால், ஜூன் 30. குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே விண்ணப்பமாக வாங்கும் மைய விண்ணப்ப அலுவலகத்துக்கு, இங்கே எல்லாரும் சி.ஏ.ஓ. என்று சொல்வதற்கு, செப்டம்பர் 30.

இதில் ஒளிந்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜூலையில் விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் மெட்ரிக் மதிப்பெண் இருக்காது அல்லவா? ஆகவே பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது பதினோராம் வகுப்பு ஆண்டிறுதி மதிப்பெண்ணை. அதை வைத்துத்தான் நிபந்தனையோடு கூடிய இடம் தருகிறார்கள். மெட்ரிக் முடிவு வந்த பிறகு அது உறுதியாகிறது, அல்லது கைநழுவுகிறது. என் மகளின் பதினோராம் வகுப்பு 2023. அந்த ஆண்டை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்: மின்வெட்டின் தீவிரம் ஆறாம் நிலை வரை போய், ஒரு நாளில் மூன்று முறைகூட விளக்கு அணைந்த ஆண்டு. மின்கலத்தில் எரியும் சிறு விளக்கின் கீழ், கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் படித்ததை நாங்கள் ‘பரவாயில்லை, மெட்ரிக்தானே முக்கியம்’ என்று சொல்லித் தேற்றினோம். அது தவறான தேறுதல். அந்த ஆண்டு இயற்பியல் அறிவியலில் அவள் வாங்கிய 58-தான் அடுத்த ஆண்டு ஜூலையில் அவளுக்காகப் பேசியது.

பாடச்சுமையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தேசிய உயர்நிலைச் சான்றிதழுக்கு ஏழு பாடங்கள் கட்டாயம்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது கணித எழுத்தறிவு, வாழ்க்கை நெறி, இவை போக மூன்று விருப்பப் பாடங்கள். என் மகளுக்கு ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், கணிதம், இயற்பியல் அறிவியல், புவியியல், பொறியியல் வரைகலை, வாழ்க்கை நெறி. கணிதத்துக்கு இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 150 மதிப்பெண். இயற்பியல் அறிவியலுக்கும் இரண்டு தாள்கள்: ஒன்று இயற்பியல், மற்றது வேதியியல். பெரும்பாலான பாடங்களில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் ஆண்டு முழுவதும் பள்ளியில் வைக்கும் தேர்வுகளிலிருந்தும் ஒப்படைப்புகளிலிருந்தும் வருகிறது. அதனால் ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எந்த வாரத்தையும் விட்டுவிட முடியாது. வரைகலைக்கு இவை போதாதென்று மாதக்கணக்கில் செய்து முடிக்க வேண்டிய செயல்முறைத் திட்டம் ஒன்று தனியாக உண்டு. இரவு பதினொரு மணிக்கு அவள் மேசையில் கணக்கு இருக்கிறதா, வரைபலகை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால், இரண்டும் இருக்கும்.

எட்டாவது பாடமாகத் தமிழும் இருந்தது.

தமிழ் இங்கே மெட்ரிக் தேர்வில் கூடுதல் மொழியாக எழுதக்கூடிய பாடம். எழுதுபவர்கள் குறைவு, சொல்லித்தரும் பள்ளிகள் அதைவிடக் குறைவு. நான் அதைச் சொல்லித்தருபவள். என் மகள் என் மாணவி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்குக் கொண்டுவந்து இறக்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் கொள்ளுப்பேரர்கள், தாங்கள் பேசாத மொழியின் எழுத்துகளைச் சனிக்கிழமை தோறும் என் முன் உட்கார்ந்து கற்கிறார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஆனால் பதினோராம் வகுப்பு முடிந்த டிசம்பரில் அவள் வந்து, “அம்மா, அடுத்த வருஷம் தமிழை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டபோது, எனக்குள் இருந்த ஆசிரியை முதலில் கோபப்பட்டாள் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள்கள் நான் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து அவளுடைய வாரத்தை மணிக்கணக்காக எழுதிப் பார்த்தேன். வாரத்துக்கு நான்கு மணி நேரம் தமிழுக்கு. கணிதத் துணை வகுப்புக்கும் அதே நான்கு மணி நேரம். எட்டாவது பாடம் இல்லாமலே சான்றிதழ் நிறைவாகிறது. அவள் போக விரும்பிய படிப்புக்கோ கணிதம் இல்லாமல் கதவே திறக்காது. விட்டுவிடு என்றேன். சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். சரியான முடிவுகள் வலிக்காது என்று யார் சொன்னது?

அவள் போக விரும்பிய படிப்பு நில அளவியல். உறவினர்களிடம் இதைச் சொன்னபோது முகங்கள் போன போக்கை விவரிக்க எனக்குத் திறமை போதாது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் நன்றாகப் படிக்கிற பெண் என்றால் மருத்துவம், அது இல்லையேல் மருந்தியல், அதுவும் இல்லையேல் கணக்கியல். வெயிலில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடக்கும் வேலைக்கு ஏன் கணிதத்தில் எழுபதும் எண்பதும் வாங்க வேண்டும் என்று என் கணவரின் பெரியம்மா கேட்டார். சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் படிப்புகளை விருப்ப வரிசைப்படி எழுத ஆறு கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீடு. “ஆறில் ஒன்றைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா?” என்று மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. அந்த வரிசை யாருடையது?

என் மாமனாருக்கு இதைப் பற்றி ஒரு பதில் இருந்தது. அவர் அறுபதுகளில் படித்தவர். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்த பிறகு, இந்தியர்களுக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். மாணவர்கள் படகில் ஏறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி வேண்டும். பின்னர் எழுபதுகளில் அந்தக் கல்லூரி வெஸ்ட்வில் குன்றுக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமானது. மகளுடைய மடிக்கணினித் திரையில் ஆறு கட்டங்களைப் பார்த்த மாமனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எங்களுக்குக் கட்டமே இல்லை, பாப்பா. ஒரு படகுதான்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு கட்டம் தருவதைப் பற்றி அதன் பிறகு நாங்களும் பேசவில்லை.

இனி, நான் செய்த பெரிய தவறு. ஜூலை இறுதியில், தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தை ஏறத்தாழ முடித்து, இரண்டு ஆவணங்கள் மட்டும் பாக்கி என்று வைத்திருந்தோம். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். அடையாள அட்டையின் சான்றளித்த நகல் மூன்று மாதத்துக்கு மேற்பட்டது என்று அப்போதுதான் கவனித்தேன். காவல் நிலையத்துக்கு ஓடி, வரிசையில் நின்று, முத்திரை குத்தி வாங்கி, வீட்டுக்கு வந்து படமெடுத்து ஏற்ற முயன்றால், இணையதளம் திணறியது. நாடெங்கும் எங்களைப் போல் எத்தனை வீடுகள் அந்த நேரத்தில் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தனவோ! இரவு பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அவளுக்கு இயற்பியலில் பள்ளித் தேர்வு. 48 வாங்கினாள். அந்த 48 பள்ளி மதிப்பீட்டில் சேர்ந்தது. அது சேர்ந்ததற்கு அவள் காரணமல்ல, அந்தப் படிவத்தை அவளுடைய படிக்கும் நேரத்தில் திறந்துவைத்த நான்தான் காரணம்.

அன்றிரவு எனக்குப் புரிந்தது இதுதான்: விண்ணப்பம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று எழுத்தர் வேலை. நகல் எடுப்பது, சான்று வாங்குவது, பெற்றோர் வருமானச் சான்றையும் முகவரிச் சான்றையும் தேடுவது, கடவுச்சொற்களை நினைவில் வைப்பது, கட்டணம் செலுத்தி அதன் ரசீதைச் சேமிப்பது, ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது. இதைச் செய்யப் பதினேழு வயதுப் பெண் வேண்டியதில்லை. அவள் செய்தால் இதனால் அவள் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. மற்றது தீர்மானிக்கும் வேலை. என்ன படிப்பது, எந்த ஊரில், எந்த வரிசையில், ஏன் என்று எழுதுவது. இதை அவளைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. நாங்களோ அதுவரை தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்: அவள் நகலுக்கு அலைந்தாள், நாங்கள் உட்கார்ந்து அவளுடைய வரிசையைத் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். ‘பொறுப்பைக் கற்றுக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் அவளே செய்யட்டும்’ என்று பள்ளிக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் உறுதியாகச் சொன்னார். எட்டு மணி நேரம் பள்ளியிலும் ஐந்து மணி நேரம் மேசையிலும் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் என்ன பொறுப்பைக் கற்றுத்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டு முதல் ஏற்பாட்டை மாற்றினோம். எழுத்தர் வேலை முழுவதும் எனக்கும் கணவருக்கும். அவர் இரவு வேலைக்குப் போகும் முன் மகளுக்கென்று தொடங்கிய தனி மின்னஞ்சலைப் பார்ப்பார். தேவையானதை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார். சான்றளித்த நகல்களை மாதம் ஒருமுறை மொத்தமாக எடுத்துவைத்தேன். பள்ளி நாள்களில் மாலை ஏழு மணிக்கு மேல் விண்ணப்பம் என்ற சொல்லே வீட்டில் பேசப்படாது. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அவளுடைய நேரம். படிவத்தில் அவள் தீர்மானிக்க வேண்டியவை மட்டும் அப்போது. நாள்காட்டியில் ஆகஸ்டுக்குப் பிறகு நீல மை சனிக்கிழமைகளைத் தாண்டி எங்கும் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மதிப்பெண்ணை ஒவ்வொரு விதமாகக் கூட்டுவதையும் நானே ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்: ஒன்றில் வாழ்க்கை நெறியைச் சேர்க்க மாட்டார்கள், மற்றொன்றில் குறைத்துச் சேர்ப்பார்கள், இன்னொன்றில் மதிப்பெண்ணுக்கேற்பத் தரும் தரநிலைகளை விட்டுவிட்டு விழுக்காட்டையே கூட்டி 600-க்குக் கணக்கிடுவார்கள். அது கணக்குதானே, தீர்மானம் அல்லவே.

மெட்ரிக் நடன விருந்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அதற்கான உடைக்குத் தையற்காரரிடம் போய்வந்த முறைகளை எண்ணினால், எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து நாங்கள் செலவிட்ட நேரத்தை அது மிஞ்சும். ஆனால் அந்த ஆண்டில் அவள் வாய்விட்டுச் சிரித்த நாள்களில் அதுவும் ஒன்று என்பதால், எனக்குப் புகார் இல்லை.

பணத்தின் பங்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மூன்றாவது சுமை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் தேசிய மாணவர் நிதித் திட்டம் உதவுகிறது. எங்களைப் போல் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களை இங்கே ‘நடுவில் விடுபட்டவர்கள்’ என்கிறார்கள். ஏழை என்று சொல்ல முடியாது, கட்டணம் கட்டவும் முடியாது. ஆகவே நிறுவனங்களும் துறைகளும் தரும் உதவித்தொகைகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம்: இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தாய், ஐந்நூறு சொற்களில் எழுது.

அந்தக் கடிதம்தான் அவளை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. முதலில் எழுதியதைப் படித்தேன். ‘நான் கடின உழைப்பாளி, சிறுவயது முதல் கணிதத்தில் ஆர்வம் உடையவள்’ என்று தொடங்கியது. அதில் என் மகளைக் காணவில்லை. எந்த வீட்டுப் பிள்ளையின் பெயரையும் அடியில் எழுதிக்கொள்ளலாம். நன்றாக இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. இறுதித் தேர்வுக்கு முன் பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வான பிரிலிம்ஸ் தொடங்கிவிட்டது, கடிதத்தை மூடிவைத்துவிட்டுத் தேர்வுக்குப் போனாள். அது நல்லதாயிற்று.

பிரிலிம்ஸ் முடிந்த மறுநாள் முதல் புரட்டாசிச் சனி. இந்த ஊர்த் தமிழர்களுக்குப் புரட்டாசி என்றால் மாதம் முழுவதும் அசைவம் கிடையாது. கறிச்சோறு இல்லாமல் ஞாயிறு விடியாத வீடுகள்கூட அந்த ஒரு மாதம் கட்டுப்படும். தமிழ்நாட்டில் எங்கள் வீட்டில்கூட இவ்வளவு கண்டிப்பாக நான் பார்த்ததில்லை. அன்று சமையலறையில் மாமியார் வாழையிலைப் படையலுக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்க, தேர்வு முடிந்த களைப்பில் மகள் எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். “அந்த மேப்பை எடுத்து வரட்டுமா ஆயா?” என்று எதற்கோ கேட்டாள். மாமியாரிடம் பழைய பிஸ்கெட் டின் ஒன்று இருக்கிறது. அதில் அவருடைய தந்தை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நிலத்தின் அளவைப்படம் ஒன்று, மடிப்புகளில் கிழிந்து, பழுப்பேறிக் கிடக்கிறது. ஏக்கர், ரூட், பெர்ச் என்று பழைய அளவுகள். நான்கு மூலைகளிலும் ஆங்கில எழுத்துகள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் அந்த நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட பின்புதான் அவர்கள் சாட்ஸ்வர்த்துக்கு வந்தார்கள். சாட்ஸ்வர்த்தே அதற்கு முன் இந்தியர்களின் வாழைத் தோட்டங்களாக இருந்து, பிடுங்கி எடுக்கப்பட்டு, வீட்டு எண்களாக வெட்டப்பட்ட இடம்தான்.

மகள் அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். அன்று அதை மேசையில் விரித்து, கிணறு எங்கே இருந்தது, மாமரம் எந்தப் பக்கம், வீட்டு வாசல் எந்தத் திசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விரலால் காட்டிக்காட்டிச் சொன்னார். கிணறு படத்தில் இல்லை. மரமும் இல்லை. அளந்தவர்கள் எல்லையை மட்டும் அளந்திருந்தார்கள். மகள் பென்சிலால் மெல்லிய தாளொன்றில் எல்லையை நகலெடுத்து, ஆயா சொன்ன இடங்களில் கிணற்றையும் மரத்தையும் குறித்தாள். படையல் முடிந்து சாப்பிட்ட கையோடு தன் அறைக்குள் போய், இரண்டு மணி நேரத்தில் கடிதத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஆறு வாரம் இரவு பதினொரு மணிக்குத் திரை முன் உட்கார்ந்து வராதது அவரைக்காய் நார் உரிக்கையில் வந்தது என்றால், அந்த இரவுகளில் அவள் சோம்பேறியாக இருந்தாள் என்பதல்ல. வேதியியல் சமன்பாடுகள் நிறைந்த தலையில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

கடிதம் வந்தபின் ஆறு கட்டங்களின் வரிசையும் தானே வந்தது. முதல் கட்டத்தில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவார்ட் கல்லூரி வளாகத்தில் நில அளவியல். அடுத்து, அதற்கு நெருக்கமான பொறியியல் படிப்புகள். பிறகு புவியியலை ஒட்டிய அறிவியல் பட்டம். கடைசிக் கட்டத்தில், எது நடந்தாலும் கிடைக்கும் என்று மதிப்பெண் கணக்குச் சொன்ன ஒரு படிப்பு. அதை மட்டும் நான் வற்புறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 28 அன்று, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, நண்பகலுக்குள் அனுப்பிவிட்டோம். அன்று யாரும் காவல் நிலையத்துக்கு ஓடவில்லை.

இறுதித் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீபாவளி வாரத்திலேயே கணிதம் வந்தது. இங்கே தீபாவளி அரசு விடுமுறை அல்ல. ஆண்டுதோறும் தேர்வு அட்டவணை வெளிவரும்போது நம் வீடுகளில் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான். அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு எடுத்துப்போகும் வேலை அந்த முறை மகளின் தம்பிக்கு வந்தது. அவளோ பட்டாசுச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, பழைய வினாத்தாள்களோடு உட்கார்ந்திருந்தாள்.

முடிவுகள் 2025 ஜனவரி 14 அன்று வந்தன, அன்று தைப்பொங்கல். பானை இன்னும் பொங்கவில்லை. விடியற்காலையில் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். கணிதம் 74, இயற்பியல் அறிவியல் 66, வரைகலை 81. மாமனார் கூட்டிப் பார்த்தார். பின் மறுபடியும் கூட்டிப் பார்த்தார். முதல் கட்டமே கிடைத்தது. சில நாள்களில் கடிதமும் வந்தது. கேப் டவுனிலிருந்து வந்த நிபந்தனை இடத்தை, விடுதி கிடைக்காததால் விட்டுவிட்டோம். உதவித்தொகை விண்ணப்பங்கள் ஐந்தில் ஒன்றுதான் பலித்தது. அதுவும் முழுக் கட்டணத்துக்கு இல்லை. மீதிக்குக் கணவர் கூடுதல் வேலை பார்க்கிறார். பெரியம்மா தட்டு நிறைய லட்டு கொண்டுவந்து, “அளக்கிறதுக்குப் போறாளாம்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குரலில் இப்போது பெருமைதான்.

தம்பி பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டான். இவனுடைய நீல மை ஒரு வருடம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. நவம்பர்த் தேர்வுக்கு நேராக, ‘இதைத்தான் பார்ப்பார்கள்’ என்று நானே எழுதிவைத்தேன். இவனுக்கும் எட்டாவது பாடமாகத் தமிழ் இருக்கிறது. டிசம்பரில் அந்தக் கேள்வி வரும். இப்போதைக்கு நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை வகுப்பில் ழகரத்தை மூன்று வரி எழுதிக் காட்டினான், இரண்டாவது வரியிலிருந்து சரியாக வந்திருந்தது.